வெற்றிலை வாய்

அம்மாவின் வாயில் இரண்டாவது வெற்றிலையையும் திணித்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

"மென்னுக்கிட்டே இரும்மா. துப்பிறாத."

அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. ஆனால் எதுவும் போடாமலே அவள் வாய் மென்றுகொண்டிருக்கும். உதடு சுழிக்கும். நாக்கு வெளியே வந்து வந்து போகும். தூக்கத்தில் மட்டும் நிற்கும்.

தங்கை சுதர்ஷினியைப் பெண் பார்க்க நோர்வூட்டிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை துஷாந்த், அவன் அம்மா ராசம்மா, ஒரு மாமா. துஷாந்தும் சுதர்ஷினியும் கொழும்பில் ஒரே துணிக்கடையில் வேலை செய்து பிடித்துப்போனவர்கள். பெரியவர்கள் சரி சொல்வதுதான் பாக்கி.

அம்மாவின் தலைக்குள் கேட்ட குரல்களை மாதாமாதம் கிளினிக்கில் போடும் ஊசி நிறுத்தியது. இந்த வாயைக் கொடுத்ததும் அதே ஊசிதான்.

இந்த வகை மருந்துகள் வந்த சில வருடங்களிலேயே வெளிநாட்டு டாக்டர்கள் இந்த வாயைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நோய் செய்ததா மருந்து செய்ததா என்று பிறகு வெகுகாலம் சண்டை. ஃபோனில் படித்தேன். அம்மா பிறப்பதற்கு முன்பே தொடங்கிய சண்டை.

ஒருமுறை ஊசியை நிறுத்திப் பார்த்தோம். குரல்கள் திரும்பி வந்தன. வாய் நிற்கவில்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லயத்தில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்? வாய் கோணினால் பைத்தியம்.

"எங்களுக்கு வச்ச வெத்தலய அக்காவே முடிச்சிருவாங்க போல," என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். நாக்கு வெளியே தள்ளி, சிவந்த சக்கை சேலையில் விழுந்தது.

ராசம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். ராசம்மா பின்னாலேயே வந்தார். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். இது பைத்தியமில்லை, மருந்து செய்த வேலை.

"மாத்திரையா தம்பி, ஊசியா?"

"ஊசி," என்றேன். வைத்திருந்த பதிலுக்கு வேலையில்லாமல் போனது.

"எங்க வீட்டுக்காரருக்கும் ஊசிதான். அவரு வராததும் அதனாலதான். நானும் வெத்தல குடுத்துப் பார்த்தேன்."

எனக்கு மூச்சு வந்தது. விஷயம் தெரிந்தவர். இனி எதையும் மறைக்க வேண்டாம். அவர் கோப்பையில் இன்னொரு கரண்டி பால்மா போட்டேன்.

"ஒரு பக்கம்னா சமாளிச்சிரலாம் தம்பி. ரெண்டு பக்கமும் இருந்தா, பொறக்குற புள்ளைக்கு என்னா ஆகும்?"

நான் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சிகிட்ட நீங்களே ஏதாவது சொல்லி வேணாம்னு சொல்ல வச்சிருங்க. ஏன்னு எம்மவனுக்குத் தெரிய வேணாம். அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சின்னுதான் அவன் நெனச்சிக்கிட்டு இருக்கான்."

முன்னறையில் சுதர்ஷினி சிரித்தாள். துஷாந்த் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.