நான்காவது பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடும்போது எங்கள் வம்சத்தை மரப்படமாகத் திரையில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எவனிடமும் போய் நிற்காமல், கணினிக் கையேட்டில் இருந்த மாதிரி நிரலை அப்படியே அடித்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். மாதிரியில் தகப்பனுக்கு நான்கு பிள்ளைகள். என் மூன்று மகன்களையும் எழுதிய பிறகு ஆலிஸ் என்று ஒருத்தி மிஞ்சினாள். அந்த வரியை நீக்கினால் மொத்த மரமும் மறைந்து சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. கமாவை எடுத்தேன், அடைப்புக்குறியைச் சேர்த்தேன். நான்கு நாளாகியும் அவள் போகவில்லை.

காபி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க இந்த ஆலிஸ்? எனக்குத் தெரியாம எப்பப் பெத்தீங்க?"

"கையேட்டுக்காரன் வச்ச பேரு. எடுத்தா எல்லாம் விழுந்துடுது."

"விழத்தான் செய்யும். நாலு பெத்த வீடுதானே இது."

தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போன மகளின் பெயரைப் பதினொரு வருடமாக இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. மனைவியும் அந்தப் பெயரைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வரியை விட்டுவிட்டு, ஆலிஸ் என்ற பெயரை மட்டும் எழுத்தெழுத்தாக அழித்தேன். நிரல் ஓடியது. மூன்று மகன்களுக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு கட்டம் நின்றது. ஆலிஸ் என்று இருந்தால் யார் என்று கேட்பார்கள். இதைப் பார்த்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.