சாக்கு சுற்றிய செங்கல்

புதுக் கழிவறைக் கோப்பை தரையில் உட்காரவில்லை. ஆடியது.

மேஸ்திரியின் மகன் ஒரு கையால் அதைத் தள்ளிப் பார்த்தான். இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு.

"நல்லா ஊஞ்சல் மாதிரி இருக்கு. அம்மா ஆடிக்கிட்டே போகலாம்" என்றான்.

பெரிய மேஸ்திரி கழிவறைக் கதவோரம் விறைப்பாக நின்றிருந்தார். எழுபத்தொரு வயதிலும் முதுகு தூக்குக்குண்டு கட்டிப் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அவர் அப்பா போட்ட தரையும் அப்படித்தான். போட்டதை உடைத்தார்கள் என்ற பேச்சே மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் கிடையாது.

இன்று அவருடைய சொந்த வீட்டிலேயே உடைக்க வேண்டும்.

பிளம்பர் கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கான்கிரீட்டுக்கு மேலே கழிவுக்குழாயின் அகன்ற வாய் ஒரு விரல் உயரம் துருத்திக்கொண்டிருந்தது. அதை அறுத்துத் தள்ள வழியில்லை. அறுத்தால் கோப்பையைப் பொருத்த வாய் இருக்காது. சுற்றிலும் கொத்திக் குழாயையே கீழே இறக்க வேண்டும்.

"நாலு மணிக்கு அம்மா வந்துடுவாங்க. தங்கச்சி ஆஸ்பத்திரியிலேருந்து மணிக்கொரு தரம் போன் பண்றா, எல்லாம் ரெடியான்னு. இடுப்புல ஆபரேஷன் பண்ணினவங்க, இனிமே கீழ குந்தவே கூடாதுன்னுட்டாங்க. ஒரு குழாயை அளந்து வைக்கத் தெரியல! உன்னையெல்லாம் வீட்டுக்குள்ள விட்டதே தப்பு" என்று மகன் அவனிடம் இரைந்தான்.

பிளம்பர் நிமிரவில்லை. உளியை எடுத்தான்.

 வேறு ஆள் பார்க்கலாம் என்று மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனைவிதான் படுக்கையில் கிடந்தபடியே பிடிவாதம் பிடித்தாள். அவன் வந்து செய்தால்தான் வீட்டுக்கு வருவேன், இல்லாவிட்டால் இங்கேயே கிடக்கிறேன் என்றாள்.

போன வாரம் அவன் கொல்லைப்புறமாக வந்தான். குழாயை வைத்தான். கொல்லைப்புறமாகவே போனான். டீயைக்கூட வெளிக்குழாய் பக்கத்தில் நின்றுதான் குடித்தான். மேஸ்திரி அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க வேண்டியதைச் சுவரைப் பார்த்துக் கேட்டார். அவனும் சுவருக்கே பதில் சொன்னான்.

மறுநாள் காலையில் அவரே கலவை போட்டுத் தரையை இழைத்தார். அந்தத் தரையில்தான் இப்போது உளி இறங்கியது. ஒவ்வொரு அடியும் அவர் பல்லில் விழுந்தது.

குழாயைச் சுற்றி ஒரு சாண் குழி விழுந்ததும் பிளம்பர் கையை உள்ளே விட்டுத் துழாவினான். சட்டென்று நின்றான்.

கை வெளியே வந்தபோது அதில் ஒரு செங்கல் துண்டு இருந்தது. அதைச் சுற்றி இரண்டு சுற்று சாக்குத்துணி.

குழாய் வளைவுக்கு அடியில் எந்தப் பிளம்பரும் செங்கல் செருக மாட்டான். செருகுகிற செங்கல் நழுவாமல் இருக்கச் சாக்கு சுற்றுகிற கை, அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான்.

மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது.

அன்று கலவை கொட்டப் போகும் நேரத்தில், குழாய் தாழ்ந்து கிடப்பதாக அவர் கண்ணுக்குப் பட்டது. அவன் வைத்ததில் ஏதாவது குறை அகப்படாதா என்று தேடிய கண். ரசமட்டத்தைக்கூட எடுக்காமல் ஒரு விரல் தூக்கிவிட்டார்.

பிளம்பர் செங்கலைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். ஒரே ஒரு தரம்.

செங்கலை இடிபாட்டுச் சட்டியில் போட்டு, மேலே இரண்டு கை சில்லுகளை அள்ளி மூடினான்.

"என் தப்புதான். அளவு பிசகிடுச்சு. ஒரு மணி நேரத்துல இறக்கிடறேன்" என்றான் மகனிடம்.

"ஒத்துக்கிட்டியே, அதுவே பெரிசு."

சொன்னபடியே இறக்கினான். குழாய் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சீக்கிரம் இறுகும் கலவையை வைத்துப் பூசி, அது கல்லாகும்வரை காத்திருந்து, கோப்பையைப் பொருத்தி முடுக்கினான். நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு, கை கழுவக் கொல்லைப்புறம் போனான்.

மேஸ்திரி கோப்பையின் விளிம்பில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஆடி, நடுவில் வந்து நின்றது. அசையவில்லை.

பேசாமல் இருந்தால் போதும். மூன்று தலைமுறைப் பெயர் முழுசாக இருக்கும். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவன் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தான்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். மகன் அவசரமாக இடிபாட்டுச் சட்டியைத் தூக்கினான்.

"இருடா."

மேஸ்திரி சட்டிக்குள் கையை விட்டார். செங்கலை எடுத்து மகன் கையில் வைத்தார்.

"சாக்கைப் பாத்தா யார் வேலைன்னு தெரியல? அந்தக் குழாய் சரியாத்தான் இருந்துச்சு. தூக்கினது நான்."

மகன் திறந்த வாயை மூடுவதற்குள் அவர் கூடத்தைக் கடந்து கொல்லைக் கதவுக்குப் போய்விட்டார். முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது. குரல் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"அங்க எதுக்கு நிக்கிறீங்க? உள்ள வந்து கை கழுவுங்க, மாப்பிள்ளை."

குழாய்ச் சத்தம் நின்றது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த மகள் வாசற்படி தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணம் ஆன மூன்று வருஷத்தில் தன் கணவனை அப்பா அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

நாற்காலியில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி நின்னுட்ட? தள்ளு. எனக்கு அவசரம்."