சுவரில் அப்பா

"போட்டோவப் பாக்காத. கம்ப்யூட்டரப் பாரு" என்று ஜெயம் மகளை அதட்டினாள்.

பார்க்காமல் எப்படி இருப்பது? லேப்டாப் திரையின் மூலையிலேயே தெரிகிறதே! கலையரசியின் தலைக்குப் பின்னால், சுவரில் அப்பா. டிரைவிங் லைசென்ஸுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். சாமந்தி மாலை, மேலே சிவப்பு பல்பு. ஃபேன் காற்றில் மாலை அசையும்போதெல்லாம் அப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பதுபோல் இருந்தது.

ஒரு மாதமாகவே அவளுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. கண்ணை மூடினால் விழுப்புரம் ரோடு, மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய அப்பாவின் குட்டியானை லோடு வண்டி, எதிரே கண்ணைக் கூசவைக்கும் லாரி வெளிச்சம். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், கிறுக்குப் பிடித்தவள் மாதிரி வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறாள்.

"எம்மா, பயமா இருக்குதும்மா. என்னையே பாத்துக்கினு இருக்காரு."

"பாக்கட்டுமே. எல்லாம் உனக்காவத்தான். இப்பவே அழுது வைக்காத, மை கலைஞ்சிடும்."

கேமராவில் விழாத மூலைக்கு நகர்ந்த ஜெயம், கொண்டையில் நழுவிய பூவைச் சரியாகச் செருகிக்கொண்டு, சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமிதான் கைகொடுக்க வேண்டும். விழுப்புரம் காலேஜில் கலையரசி எடுத்த மார்க் அந்த லட்சணம். கெமிஸ்ட்ரியில் ஐம்பத்தாறு சதவீதம். அதை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் எம்.எஸ்சி. படிக்க முழு உதவித்தொகை கேட்டிருந்தாள் மகராசி! கிடைத்தால் விமானம். கிடைக்காவிட்டால் கூடப் படித்தவர்களைப்போல விடிவதற்குள் எழுந்து கம்பெனி பஸ் ஏறவேண்டியதுதான்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதே பெரிய அதிசயம். அதற்குக் காரணம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் தயார்செய்து தரும் தென்னரசு. மார்க் ஷீட்டைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கியவர் அவர்.

"இந்த மார்க்குக்கு எவனும் பத்து பைசா தரமாட்டாம்மா. அப்பா விஷயந்தான் உன் கேஸுக்கே உயிரு. இன்டர்வியூல கேட்டா, அதக் கெட்டியா புடிச்சிக்கோ."

திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மாளும், கண்ணாடி போட்ட ஒருவரும் தோன்றினார்கள். ஊர், ஊர்த் தண்ணீரில் அவள் செய்ய நினைக்கும் ஆராய்ச்சி என்று ஆங்கிலத்தில் இதமாகத்தான் ஆரம்பித்தார்கள். கலையரசியும் தட்டுத்தடுமாறாமல் பதில் சொன்னாள். அப்புறம் அந்த அம்மாள் ஒரு தாளைப் புரட்டினார்.

"இரண்டாம் ஆண்டுவரை பரவாயில்லை. கடைசி ஆண்டில் மார்க் ஏன் இப்படி விழுந்தது?"

கலையரசி வாயைத் திறந்தாள். அதே நேரம், மூடியிருந்த சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

யாரோவா? அந்த இருமலை அவளுக்குத் தெரியாதா! பீடிப் புகை ஏறிய நெஞ்சுக்குள் இரண்டு தரம் முட்டிவிட்டு வெளியே வரும் அப்பாவின் இருமல். கலையரசி திரும்பாமல் திரையையே பார்த்தாள். மூலையில் ஜெயம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இல்லை மேடம். அம்மா மட்டும்தான்."

ஒத்திகை பார்த்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காத அழுகை, இப்போது எங்கிருந்துதான் வந்ததோ! கனவில் கண்டதெல்லாம் வாயில் வந்தது. பரீட்சை நேரத்தில் வந்த போன், நசுங்கிய வண்டி, ரோடு முழுக்கச் சிதறிய மல்லாட்டை. துணியை விலக்கி, "ஆமாம், இவர்தான் எங்கப்பா" என்று சொன்னது. அவர் சட்டைப் பையில் அவளுக்காக வாங்கி வைத்திருந்த புதுப் பேனா. தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தாள்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் தலையாட்டினார்.

"உன் அப்பா இன்று இருந்திருந்தால் ரொம்பப் பெருமைப்பட்டிருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். செப்டம்பரில் சந்திக்கலாம், கலையரசி."

திரை அணைந்தது.

"கெடச்சிடுச்சா? ஏய், கெடச்சிடுச்சாடீ?" என்று ஜெயம் ஓடிவந்து மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கலையரசி தலையை மட்டும் ஆட்டினாள். குதிக்க வேண்டிய பெண், எழுந்துபோய் நாற்காலிமேல் ஏறி, போட்டோவில் இருந்த மாலையைப் பிய்த்து எறிந்தாள். சிவப்பு பல்பைத் திருகி அணைத்தாள். விரல் சுட்டதுகூடத் தெரியவில்லை.

"போதும்மா. இதுக்குமேல என்னால முடியாது. ஜல்தி தொறம்மா."

ஜெயம் போய்ச் சமையல்கட்டுக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே இருட்டிலிருந்து அந்த இருமல் மறுபடி வந்தது. பின்னாலேயே, அழுது கரகரத்த ஒரு குரல்.

"ஏர்போர்ட்டுக்கு ஏத்திவுட நான் வரலாமா கண்ணு, இல்ல அங்கயும் நான் செத்தவன்தானா?"