எவெலியோ விழுந்த இடம்

நாற்பத்தோரு வீடுகளுக்கு எண் பலகை அடித்தாகிவிட்டது. மிச்சம் ஏழாம் எண் மட்டும்.

ஏழு கசில்தாவின் வீடு. எவெலியோ அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார்.

வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல். ஏணியில் ஏறும்போதும் அவள் வீட்டுத் தகரக் கூரையை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனாகுவா நகரத்தில் எண்ணைப் பார்த்து யார் வீடு தேடினார்கள்? பட்டுப்போன வேப்பமரத்திலிருந்து ஏரிப் பக்கமாக மூன்றாவது வீடு என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார். இந்தத் தெருவில்தான் அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட இல்லை.

இருந்தது எவெலியோ விழுந்த இடம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சண்டைச் சேவல் கசில்தா வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. பிடிக்க ஏறினார். தகரம் பொத்துக்கொண்டு, பின்கட்டில் துணி ஊறிக்கொண்டிருந்த சோப்புத் தொட்டிக்குள் நேராக விழுந்தார். சேவல் சாவகாசமாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டது.

அவருக்குக் கால் முறிந்தது. தெருவுக்கு முகவரி கிடைத்தது.

'எவெலியோ விழுந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கமாக இரண்டு வீடு.' மின்சார ரசீதில் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான். அவருடைய சொந்த அம்மாவின் மரண அறிவிப்பிலும் அதையே போட்டு, வானொலியில் வேறு வாசித்தார்கள்.

மூன்று மாதம் கட்டோடு படுத்திருந்தார். எழுந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. கசில்தாவின் வாசல் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த டிசம்பரில் அவள் ஒரு லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள்.

அவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னமும் எவெலியோவுக்குத் துணிச்சல் வரவில்லை. ஊரே சிரிக்கிற ஆளை எவள் மதிப்பாள்?

அதற்காகத்தான் தன் முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்து இந்தப் பலகைகளை வாங்கி வந்தார். எண் வந்தால் அந்தப் பெயர் போகும். பெயர் போய்விட்டால் எல்லாரையும் போல அவரும் அந்தக் கதவைத் தட்டலாம். இன்றைக்கே தட்டுவதாக உத்தேசம். வெள்ளைச் சட்டை அதற்குத்தான்.

எதிர்வீட்டுத் தோமாசா வாசல் பெருக்குகிற சாக்கில் வேடிக்கை பார்த்தாள். "பாத்து ஏறுங்கண்ணே! ரெண்டாவது தடவையும் விழுந்து வச்சா, எந்த எடம்னு தபால்காரன் குழம்பிடுவான்!"

எவெலியோ காதில் வாங்காத மாதிரி பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

கதவு திறந்தது. "அத இங்க அடிக்காத," என்றாள் கசில்தா.

"இத அடிச்சாத்தான் உன் வீட்டுக் கடுதாசில என் பேரு வராது," என்றார், ஆணியைப் பல்லில் கடித்தபடியே.

"அதான் வேணாங்கறேன். இருபத்தாறு வருஷமா என் பேருக்குக் கீழ உன் பேரப் போட்டுத்தான் கடுதாசி வருது. எம்புருஷன் பேருகூட அப்படி வந்ததில்ல."

எவெலியோவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "சேவல் பிடிக்கத் துப்பில்லாம விழுந்தவன்னு ஊரே சிரிக்குது, கசில்தா."

"அந்தச் சேவல் தானாவா பறந்து வந்துச்சு? நீ தெருவுல நின்னு, நாலு பக்கமும் பாத்துட்டு, ரெண்டு கையாலயும் அதத் தூக்கி எங்கூரை மேல எறிஞ்சல்ல? ஜன்னல்லேருந்து நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

ஆணி இரண்டும் வாயிலிருந்து கீழே விழுந்தன.

எதிர்வீட்டில் துடைப்பச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அடுத்த மாத மின்சார ரசீது புது முகவரியோடு வந்தது: 'கசில்தா அம்மையார், எவெலியோ சேவலை எறிந்த வீடு.'

கதவைத் திறந்து அதை வாங்கிக்கொண்டவர் எவெலியோ.