ஒரே சட்டிச் சோறு

பாம்பன் படகு எதுவானாலும் அதில் மன்னார்க்காரர் ஒருவர் ஏற வேண்டும். மன்னார்ப் படகில் பாம்பன்காரர் ஒருவர். ஒருவரை ஒருவர் கண்காணிக்க இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் அது. கடற்புல் மேல் வலை விடக்கூடாது. வலையில் ஒரு கடற்பசு செத்தாலும் இரு கரைக்கும் ஓராண்டு தொழில் கிடையாது. ஒப்பந்தம் வந்தபின் கடலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதில்லை. மீனும் திரும்பியிருந்தது.

ஆனாலும் பாம்பன் இன்னாசியும் அவர் படகில் ஏறும் மன்னார் கிளமென்டும் முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார்கள். இன்னாசியின் தம்பி மன்னார்க் கரையோரம் குண்டடிபட்டுச் செத்தவன். கிளமென்டின் வலைகளைக் கிழித்துப்போட்டவை பாம்பன் விசைப்படகுகள்.

அன்று வலை கனத்தது. இழுத்துப் பார்த்தால், கடற்பசுக் கன்று ஒன்று மூச்சடைத்துச் செத்துக் கிடந்தது.

"புல்லு மேல விட்டது நாந்தேன்," என்றார் இன்னாசி. "போய்ச் சொல்லிரு. அதுக்குத்தான உன்னைய அனுப்பியிருக்காக."

"நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான், அண்ணை. மீன் கூட விழுமெண்டு பேசாம இருந்திட்டன்." கிளமென்ட் நங்கூரக் கல்லை எடுத்தான். "சொன்னா எங்கட ஆக்கள் உங்களைச் சும்மா விடுவினமோ? திரும்பவும் துவக்குச் சூடுதான்."

இருவரும் சேர்ந்து கன்றைக் கல்லோடு கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள்.

பிறகு இன்னாசி தூக்குச்சட்டியைத் திறந்து, முதல்முறையாக அவன் பக்கம் நகர்த்தினார். அவனும் கை வைத்தான்.

படகை ஒட்டித் தாய்க் கடற்பசு மேலே வந்து மூச்சு விட்டது. மூழ்கி, மறுபக்கம் வந்து மூச்சு விட்டது. காதில் விழாததுபோல இருவரும் குனிந்து ஒரே சட்டியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.