அட்யேரியின் புதுச் செருப்பு

காலை வெயில் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஃபோர்ட் போர்ட்டலில் தினமும் என்னைப் பார்க்க வரும் ஒரே விருந்தாளி. கீழே பாயில் என் மனைவி அட்யேரி, நமுகோங்கோ மறைசாட்சிகள் கோயிலுக்குப் பல நாள் நடந்துபோக மூட்டை கட்டுகிறாள். காலில் தடவ வாஸ்லின் டப்பா, கேழ்வரகு மாவு, கோயில் குளத்துத் தண்ணீர் பிடிக்க மஞ்சள் ஜெரிகேன், ஒரு பட்டாளமே கம்பாலா வரை கொறிக்கும் அளவு வறுத்த கடலை. அவளுடைய புது டயர் செருப்பு என் காலில் இருக்கிறது. வருஷா வருஷம் அதைப் போட்டு நடந்து வாரை இளக்கிக் கொடுப்பது என் உத்தியோகம். நான் நடந்தால் ருவென்சோரி மலை ஒதுங்கி வழிவிடும். இப்போது சிறுநீரகம் கைவிட்டு, கால்கள் வீங்கி, உட்கார்ந்தபடியே வார் இளகுகிறது. அவள் திரும்பும்வரை நான் தாங்கமாட்டேன் என்று டாக்டர் அவளிடம் ரகசியமாகச் சொன்னது பாதி ஊருக்குக் கேட்டது.

“பாத்தியா அட்யேரி, இந்தச் செருப்புல இனி நீர்யானையே நமுகோங்கோ போகலாம்!”

அவள் சிரிக்கவில்லை. என் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்துகிறாள். சேற்றில் ஆட்டுக் குளம்பு பதிந்த மாதிரி குழி அப்படியே நிற்கிறது.

“நான் போகல, அராலி.”

“அப்ப எனக்காக யாரு வேண்டிக்கிறது? நம்ம ஆடா? அது என்னைவிடப் பெரிய பாவி.”

தெருவில் யாத்திரைக் கூட்டத்தின் பாட்டு நெருங்குகிறது. அவள் எழுந்து, போன வருஷத்துத் தேய்ந்த செருப்பில் கால் நுழைக்கிறாள். நான் குனிந்து புதுசைக் கழற்றப் போகிறேன். என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“இன்னும் இளகல. நான் வர்ற வரைக்கும் கழட்டாதீங்க.”

காலி ஜெரிகேன் அவள் முதுகில் ஆடியபடி தெருவில் இறங்குகிறது. நான் காலை அசைக்காமல் வைத்திருக்கிறேன்.