நூல் கோக்காத ஊசி

ஆர்டர்கள் நின்றுபோய், தையல்காரர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். காலியான பனியன் கம்பெனிக்குள் முதலாளி நாச்சிமுத்து மட்டும் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து தினமும் தைத்துக்கொண்டிருந்தார். கைக்கு வேலை கொடுத்தால் மனம் தானாக மாறும் என்று தொழில்முனைவோர் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மெஷினில் நூல் கோக்கவில்லை. ஊசி மட்டும் துணியில் இறங்கி ஏறியது. மாடிவீட்டில் இருக்கும் மனைவி துளசிமணி சத்தத்தைக் கேட்டு, வேலை வந்துவிட்டதென்று நம்பிக்கொள்வாள் என்பது அவர் நினைப்பு.

அன்று துளசிமணி டீயோடு இறங்கி வந்தாள். அவர் மறைப்பதற்குள் துணியை எடுத்து ஜன்னலில் விரித்துப் பிடித்தாள். வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் வெயில்.

“கோடு நேராத்தான் வந்திருக்குதுங்க” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியுமுங்க.”

“அப்பறம் ஏன் ஒண்ணுங் கேக்கல?”

அவள் துணியை மறுபடி ஊசிக்குக் கீழே வைத்து, சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குப் பயமில்லீங்க. நீங்க தைங்க.”

டம்ளரை வைத்துவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில் அவள் கால்கள் நின்றன. கீழே மெஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.